என் கால் தேடிய பிரேக்

குழந்தைகளே, நான் பிரேசர் டவுனில் ஒரு துரைக்குக் கார் ஓட்டுகிறவன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவருடைய மோட்டார் படகைக் கேட்டு வாங்கி, என் எட்டு வயது மகள் மேரியோடு அல்சூர் ஏரியின் தீவுகளைப் பார்க்கக் கிளம்பினேன்.

"தண்ணி ரோடு இல்லண்ணா, ஆள் ஒருத்தனை அனுப்பட்டா?" என்றார் படகுக் காவலர்.

"பதினைஞ்சு வருசமா கார் ஓட்டுறேன்ப்பா, எனக்கா?" என்று சிரித்தேன்.

முதல் தீவில் நாணல் புதர் எங்கள் படகைத் தாங்கி நிறுத்திவிட்டது. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தீவு நெருங்கியதும் மேரி எழுந்து முன்பக்கம் நின்றாள்.

"உக்காரும்மா!"

"வந்துட்டோமேப்பா!"

கரைக்குப் பக்கத்தில் போய்த்தான் என்ஜினை அணைத்தேன். படகு நிற்கவில்லை. என் வலது கால் தன்னாலே அடிப்பலகையை ஓங்கி மிதித்தது. பிரேக் அங்கே ஏது? படகு பாறையில் மோத, மேரி தண்ணீருக்குள் விழுந்தாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. இயேசுவே என்று குதித்தேன். ஆழம் என் கழுத்தளவு. அவளுக்கோ தலைக்கு மேல். சடையைப் பிடித்துத் தூக்கினேன்.

இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவள், "ஏம்ப்பா பிரேக் போடல?" என்றாள்.

இப்போது எந்தப் புது வண்டியானாலும், எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவரிடம் கேட்ட பிறகே மகளை ஏற்றுகிறேன். நீங்களும் படகைக் கரையில் கட்டும்வரை எழுந்திருக்காதீர்கள், கண்ணுகளா.