மாலை போட்டிருந்தபோது வந்த சீனக் கொழுக்கட்டை

என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டதால் எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஜெபல் அலி லேபர் கேம்ப்பில் பதினோரு வருஷமாக இருந்தும் துபாய் ஊருக்குள் நான் அதுவரை போனதில்லை. அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். லீவும் டிக்கெட்டும் கிடைத்துவிட்டன. விரதம் கெட்டால் மாலையைக் கழற்ற வேண்டும், மலை ஏற முடியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் சீன ஃபோர்மேன், டியூட்டி இல்லாத நாளில் தன்னோடு ஊருக்குள் தேரா கடைத்தெருவுக்குச் சாப்பிட வரச் சொன்னார். ஃபோர்மேன் கூப்பிட்டால் மறுக்க முடியுமா, சரி என்றேன்.

“சாமி, அந்தாளு சும்மாவா சோறு போடுறாரு? மாலையக் கழட்டிட்டுத்தான் வருவீக பாருங்க,” என்று ரூமில் ஒருவர் சிரித்தார்.

மெட்ரோவில் போய் இறங்கினோம். அத்தர் கடை, போன் கடை, பிலிப்பைன்காரர்களின் சலூன் என்று சந்து சந்தாக அழைத்துப் போனார். எதற்கு இவ்வளவு சுற்றுகிறார்? திரும்பும் வழி தெரிய வேண்டுமே என்று கடைப் பலகைகளின் நிறத்தை மனதில் பதித்துக்கொண்டே நடந்தேன்.

அது சீனாவில் கேண்டன் பக்கத்துக்காரர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ஃபோர்மேனுக்கும் அதே பக்கம்தான். ஒரு பெண் டீ ஊற்றியதும் அவர் பேசாமல் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். அவள் உள்ளே போனாள். ஏதோ சைகை என்று பட்டது. டீக்கு நன்றி சொல்லும் வழக்கம் அது என்று பின்னால்தான் தெரிந்தது.

மூங்கில் கூடையில் ஆவி பறக்கக் கொழுக்கட்டைகள் வந்தன. மூடிய பண்டம். உள்ளே எதையும் வைக்கலாம்.

“மீட் மாஃபி, பாய். ஒன்லி வெஜிடபிள். காவோ, காவோ,” என்றார் ஃபோர்மேன். கறி இல்லை, சாப்பிடு என்கிறார்.

ஒன்றைப் பிய்த்து முகர்ந்தேன். கறுப்பாக, வழவழவென்று, ஈரல் மாதிரி ஏதோ இருந்தது. வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி ஒதுக்கினேன்.

அவர் மேலே கை காட்டினார். “டுடே மூன் மாஃபி. மை மதர் நோ மீட். மீ ஆல்சோ.”

அன்று அமாவாசைதான். காலையில் அப்பாவுக்காகக் கேம்ப் சுவரில் சோறு வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஆனால் சீனருக்கு எப்படி அமாவாசை? ரூம்காரர்கள் சொல்லிக்கொடுத்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாரோ?

அப்போது பக்கத்து மேசையிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒருவர், சிவக்கச் சிவக்க வறுத்த வாத்துத் தட்டை நீட்டினார். ஃபோர்மேன் அதைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். பிறகு வேண்டாம் என்று கையசைத்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். விரத நாட்களில் ரூமில் மீன் வறுக்கும்போது நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

ஒதுக்கியதை எடுத்து வாயில் போட்டேன். காளான். ஆறிப்போயிருந்தது. இன்னும் மூன்று சாப்பிட்டேன்.

காளானை எந்த எண்ணெயில் வதக்கினார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றாமல் மலை ஏறி வந்தேன்.

எழுதியது: தை ஐந்தாம் நாள், கேம்ப் ரூம்.