பொட்டு வைத்த பவர் டில்லர்

தம்பி இரவு கேப் ஓட்டுவதை விட்டால் போதும், அப்போது எனக்கு வேறு வேண்டுதலே இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. ஒரு நாள் விடியும் நேரம் வண்டியை விடத் திரும்பும்போது மேம்பாலத்தின் மேலேயே கண் அசந்துவிட்டான். வண்டி ஓரச் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, தூக்கம் போனது எனக்குத்தான். பள்ளியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தாலே சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவேன்.

அதனால் அவன் ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஆனேக்கல் பக்கம் கொஞ்சம் நெலம் குத்தகைக்கு வருது, கீர போடப் போறேன்" என்றதும் நான் மறுபேச்சு பேசவில்லை. அந்த நிலத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மதில்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட துண்டு. சொந்தக்காரர், பில்டர் யாராவது நல்ல விலை சொல்லும்வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று குத்தகைக்கு விட்டார். ஆனால் போர்வெல் தண்ணீர் இருந்தது, சுற்றிலும் கீரை வாங்கும் வீடுகள் இருந்தன. உள்ளே போகும் சந்துதான் குறுகல், டிராக்டர் நுழையாது. பின்னால் நடந்துகொண்டே கையால் பிடித்து ஓட்டும் பவர் டில்லர் ஒன்றுதான் வழி. புதிது வாங்க வக்கில்லை, பழையதைத் தேடினோம்.

பீன்யா தாண்டி ஒரு ஷெட்டில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. என் கணவருக்குப் பீன்யாவில்தான் வேலை. தொழிற்சாலையில் செய்து வரும் பாகங்களைச் சோதித்து, தேறியது தேறாதது பிரிப்பவர். வீட்டுக்குக் குக்கர் கேஸ்கட் வாங்கினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கடைக்காரர்கள் முன்னால் எனக்கு மானம் போகும். அன்றைக்கு மட்டும் அந்தக் குணத்தைப் பெருமையாக நினைத்துக்கொண்டு அவரை அழைத்துப் போனோம். கைராசிக்காக என்னையும் வரச் சொன்னான் தம்பி.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தெருவில் உடைத்த பூசணிக்காயின் தோல் இன்னும் ஓரங்களில் காய்ந்து கிடந்தது. பவர் டில்லர் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. புதுப் பெயின்ட், வாடிய சாமந்தி மாலை, எங்கு பார்த்தாலும் சந்தனம், குங்குமம். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் மட்டும் சந்தனத்தை உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் பெரிய பொட்டாக வைத்திருந்தார்கள்.

"ஒள்ளே மிஷினு சார், ரொம்ப நல்ல மிஷினு. நம்ம வீட்டு லட்சுமி மாதிரி வெச்சிருந்தேன்" என்றார் விற்பவர்.

கணவர் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். புகையின் நிறத்தைப் பார்த்தார். பெல்டை அழுத்திப் பார்த்தார். மண்டியிட்டு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று தேடினார். தரை காய்ந்திருந்தது. கடைசியாகக் கியர் பாக்ஸ் பக்கம் வந்தவர், அந்தப் பெரிய பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"மாமா, பூஜ போட்டத சுரண்டாதீங்க. வண்டிக்கு ஆவாது" என்று தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவரும் கையை எடுத்துவிட்டார். வேறு எவரானாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவருடைய தொழிற்சாலையிலேயே பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. எண்ணெய்த் துணியால் மெஷினைத் துடைக்கிறவர்கள் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்கள், அது தானாக உதிர்ந்தால்தான் உண்டு. நான் அட்வான்ஸைக் கொடுத்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கிய மாட்டைப் பார்த்தால் என்ன என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

முதல் உழவுக்கு நானும் போயிருந்தேன். கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துச் சாக்கில் தயாராக வைத்திருந்தான். டில்லர் சும்மா ஓடும்போது சமத்தாகத்தான் ஓடியது. மண்ணுக்குள் கத்தி இறங்கி, பாரம் ஏறி, கியர் பாக்ஸ் சூடானதும் உள்ளே கடகடவென்று அரைக்கும் சத்தம். தம்பி நிறுத்திவிட்டுப் பார்த்தான். சந்தனம் முழுக்க எண்ணெய் ஊறிப் பழுப்பாகி வழிந்துகொண்டிருந்தது. உழுத சாலின் நெடுகிலும் கறுப்புக் கோடு.

ஆனேக்கலில் இருந்து மெக்கானிக் வந்து பொட்டைத் துடைத்தார். அடியில் பெயின்ட், பெயின்டுக்கு அடியில் குழாய்க் கசிவை அடைக்கும் பசை, அந்தப் பசைக்கு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். எண்ணெய் வற்றி ஓடியதில் உள்ளே பல் சக்கரங்களும் போய்விட்டிருந்தன. இந்த மாடலுக்குக் கியர் பாக்ஸின் மேல்கூடு இப்போது கிடைப்பதில்லை என்றார். வெல்டிங் வைத்துப் பார்த்தார்கள். வார்ப்பிரும்பு, சூடு பட்டதும் பக்கத்தில் இன்னொரு விரிசல் விட்டது. மறுபடி வெல்டிங், மறுபடி விரிசல். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. ஒவ்வொரு தடவையும் பஸ் மாறி மாறிப் போய், சேற்றுச் செருப்போடு திரும்பி வந்து, மறுநாள் பள்ளிக்குப் பாடக் குறிப்பு எழுத உட்காரும்போது கை கனக்கும்.

விற்றவருக்குப் போன் செய்தோம். "பூஜ ஆகி, லெமன் மேல ஏத்தி எறக்கியாச்சு. அப்புறம் ரிட்டர்ன் ஏது சார்?" என்று அவர்தான் எங்களைக் கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அந்தக் கோபத்தையெல்லாம் தம்பி எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து இறக்கினான். "பீன்யால இத்தன வருஷமா என்னத்த செக் பண்ணீங்க மாமா?"

கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதானே கையைப் பிடித்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவன் போன பிறகும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. கத்துகிறவன் கத்தட்டும், இவர் ஏன் வாயை மூடிக்கொண்டு என் மனசைப் போட்டு அறுக்கிறார்? அதன் பிறகு குக்கர் கேஸ்கட்டைக்கூட அவர் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

மண்வெட்டியால் கொத்தி ஒரு மூலையில் மட்டும் கீரை போட்டான் தம்பி. மிச்சம் புல் முளைத்தது. டில்லரை விற்றுவிட்டு, இன்னொன்று பழையதாகப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தான். விற்றால் கீரை, விற்காவிட்டால் திரும்ப கேப். இதை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

ஹொசகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அன்று காலை நான் போனபோது டில்லர் மறுபடி புதுப் பெயின்ட்டில் நின்றது. பசையும் அடைத்தாயிற்று. என் கையில் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்தான்.

"ஒங் கையால பொட்டு வெச்சிடுக்கா. அங்க கொஞ்சம் பெருசா."

"அன்னைக்கி சுரண்டாதீங்கன்னு மாமா கையப் புடிச்சது யாருடா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நமக்கு செஞ்சதத்தான நாமளும் செய்யறோம். இது போனாதான்க்கா நான் மேல எந்திரிக்க முடியும்" என்றான்.

வாங்க வந்தவர்கள் அதற்குள் சந்தில் வந்துவிட்டார்கள். அந்தப் பெண் என் வயதிருப்பாள். அவள் புருஷன் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருக்க, இவள் பையைத் துழாவி இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துத் தயாராக முந்தானையில் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் புருஷன் இன்ஜினை நிறுத்தியதும் கைப்பிடிக்குப் பொட்டு வைத்தேன். இன்ஜினுக்கு வைத்தேன். சக்கரங்களுக்கு வைத்தேன். கியர் பாக்ஸை விட்டுவிட்டேன். பசை காயாத இடத்தில் பெயின்ட் லேசாகச் சுருங்கியிருந்தது. அந்தப் பெண் அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன அக்கா என்று கன்னடத்தில் கேட்டாள்.

"ஒடெதிதெ" என்றேன். உடைந்திருக்கிறது.

அவள் எலுமிச்சம்பழங்களைத் திரும்பப் பையில் போட்டாள். இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தம்பி என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தார்ப்பாயை எடுத்து டில்லரைப் போர்த்திவிட்டு, "பஸ்ஸு போயிடும், கெளம்புக்கா" என்று மட்டும் சொன்னான்.

டில்லர் பழைய இரும்புக்குப் போனது. நிலம் சொந்தக்காரருக்குத் திரும்பிப் போனது. தம்பி இன்னொருவருடைய கேப்பை வாடகைக்கு எடுத்து மறுபடி மேம்பாலம் ஏறினான். நல்லது செய்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ ஒருத்தியின் எலுமிச்சம்பழத்துக்காக என் தம்பியை எந்த வேலையிலிருந்து வெளியே இழுக்கத் தவித்தேனோ, அதற்கே திருப்பி அனுப்பினேன். போன் அதிர்ந்தால் இப்போதும் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். மாதக்கணக்கில் அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு வந்தான். கேப்பைத் தெருவில் கழுவி நிறுத்திவிட்டு, வாசலில் நின்று, "அக்கா, பொட்டு வெக்க வா" என்றான். கணவரையும், "மாமா, நீங்களும் ஒரு தடவ பாத்துடுங்க" என்று கூப்பிட்டான். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி வந்து, குனிந்து ஒவ்வொரு டயராக விரலால் தடவிப் பார்த்தார்.

நான் சந்தனத்தைக் குழைத்து முன் கண்ணாடிப் பக்கம் போனேன். கல் பட்டு ஒரு மூலையில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது.

"அது மேல வெக்காதக்கா. பெருசாவுதான்னு நான் தெனம் பாக்கணும்" என்றான் தம்பி.