ஆடிக்குப் போன மருமகளும் பெரம்பலூர் அம்மாவும்

அமிர்தவல்லிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. முப்பது வருஷம் கிராம நர்சாக மொபெட்டில் சுற்றிய உடம்பு. தடுப்பூசிக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய பிள்ளைகளைத் துரத்திப் பிடித்த கால்கள், ஓய்வு பெற்ற பிறகு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தன. கணவர் போய்ப் பல வருஷமாகிறது. மகன் அறிவரசன் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், சத்தம் போடக்கூட வீட்டில் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு ஏற்ற வேலையாக வாய்த்தது அந்த இணையப் பக்கம். திருச்சியில் சிலர் சேர்ந்து நடத்துவது. முகம் தெரியாதவர்கள் பேர் போடாமல் தங்கள் கஷ்டத்தை எழுதுவார்கள். வயதானவர்கள் சம்பளமில்லாமல் யோசனை சொல்வார்கள். அமிர்தவல்லிக்கு அங்கே பெரம்பலூர் அம்மா என்று பேர். போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும். "வீம்பு புடிக்காதம்மா, நீயே மொதல்ல போயி பேசு" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டாள். எத்தனையோ பேர் நன்றியும் சொல்லிவிட்டார்கள்.

அவள் வீட்டுக் கதைதான் அவர்களுக்குத் தெரியாது. தை மாதம் கல்யாணமாகி வந்த மருமகள் பானுப்ரியாவை ஆடிக்கு அழைத்துப்போக, ஜெயங்கொண்டத்தில் முந்திரி விவசாயம் செய்யும் அவள் அப்பா சீர்த்தட்டோடு வந்தார். வந்த நேரம் அமிர்தவல்லி ரேஷன் கடையில் நின்றிருந்தாள். மனிதர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளுக்காகக் காத்திராமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவுதான்.

"சொல்லாம கூட்டிட்டுப் போனவங்க, அவங்களே கொண்டாந்து வுடட்டும்" என்றாள் அமிர்தவல்லி. "மாப்ள வூட்லேருந்து வந்து கூப்புடாம எங்க பொண்ணு வராது" என்று அங்கிருந்து பதில் வந்தது. ஆடி போய் ஆவணியும் போய்ப் புரட்டாசி பிறந்துவிட்டது.

"நான் போயி கூட்டிட்டு வரட்டாம்மா?" என்று அறிவரசன் ஒருநாள் கேட்டான்.

"போ. போனா அங்கயே இருந்துக்க."

அவன் பையை மாட்டிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினான். தலை தீபாவளி நெருங்கியது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் மருமகளைப் பற்றிக் கேட்டார்கள். அமிர்தவல்லி கழுவிய அரிசியையே மறுபடி கழுவினாள், பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்த்தாள். பெண் வராமலே போய்விடுவாளோ என்ற பயம்தான். இருந்தாலும் இறங்கிப் போக மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இணையப் பக்கத்திலிருந்து பதில் சொல்லச் சொல்லி ஒரு கடிதம் அவள் பங்குக்கு வந்தது.

"ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கு முந்திரி விவசாயம். கூப்பிட யாருமே வரவில்லை. நானாகப் போனால் மரியாதை இருக்காது என்கிறார் அப்பா. மாமியார் நல்லவர்தான், கொஞ்சம் கோபக்காரர். நான் என்ன செய்யட்டும்?"

பானுதான், வேறு யார்? 'நல்லவர்தான்' என்ற சொல்லை அமிர்தவல்லி திரும்பத் திரும்பப் படித்தாள். பெண்ணே இறங்கி வந்துவிட்டாள், இனி நாம் போவதில் என்ன குறைச்சல் என்று மனசு துள்ளியது.

மறுநாள் அறிவரசன் வேலைக்குப் போனதும் பஸ் ஏறினாள். முறைப்படி நாலு பேரோடு போக வேண்டும். அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமை ஏது? அரியலூரில் இறங்கிப் பூவும் பழமும் வாங்கி, அடுத்த பஸ் பிடித்தாள். ஜெயங்கொண்டம் வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டாள். "ஒக்காருங்கம்மா, இன்னும் தூரம் இருக்கு" என்று கண்டக்டர் அதட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் பானுப்ரியா மட்டும் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கத்தே" என்று பதறி எழுந்தாள். "அப்பாவும் அம்மாவும் முந்திரிக் கொல்லைக்குப் போயிருக்காங்க."

"நீ எழுதுனதப் படிச்சேன்டி. மனசு கேக்கல, வந்துட்டேன்."

"நான் என்னத்த எழுதுனேன்?"

அமிர்தவல்லி போனைத் திறந்து நீட்டினாள். பானுப்ரியா நிதானமாகப் படித்தாள்.

"இது நான் இல்லத்தே. யாரோ."

அமிர்தவல்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த பூப்பொட்டலத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

"நான் எழுதுனதா நெனச்சுத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"இல்லன்னா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "வந்திருக்க மாட்டேன் பானு."

பானுப்ரியா சண்டைக்கு வந்திருந்தால் தேவலாம். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. நீதானே, நேர்லயே சொல்லிக்கலாம்னு..."

"பாவம், பாத்துக்கிட்டே இருக்கும். மொதல்ல சொல்லுங்க."

அமிர்தவல்லி போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஊருக்கெல்லாம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "என்ன சொல்றதுன்னு தெரியலடி" என்றாள்.

பானுப்ரியா போனை வாங்கித் தானே பேசினாள். "பஸ் சத்தம் கேக்குறப்பல்லாம் வாசலுக்கு ஓடாதம்மா. சாயங்காலமானா மொகம் கழுவி, தலை சீவிக்கிட்டு நிக்காத. யாரும் வரலன்னா ஒம்மேலயே ஒனக்கு வெறுப்பா வரும்." போனை அத்தையிடமே திருப்பி நீட்டினாள்.

"அறிவு வருவான்னு பாத்தியாடி?" என்று அமிர்தவல்லி மெல்லக் கேட்டாள்.

"இல்லத்தே. ஒங்களத்தான் பாத்தேன். நீங்க சொல்லாம அவரு எங்க வரப்போறாரு?"

அமிர்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு எம்மேலதான். ஒங்கப்பா வரட்டும், அவருகிட்டயும் சொல்றேன். நீ துணிமணிய எடுத்து வை."

"எடுத்து வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் பானுப்ரியா. "ஆவணி பொறந்தன்னிக்கே பையக் கட்டிட்டேன். இன்னும் பிரிக்கல."