துசியந்தியின் ட்ரெய்லரும் எழுபது கிலோ பிள்ளையாரும்

என் மனைவி துசியந்தி சின்னக் காரில் ட்ரெய்லர் இழுப்பவள். இதை நான் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு, "அப்ப நீர் என்ன செய்யிறனீர்?" என்று கேட்பார்கள். நான் பக்கத்து சீற்றில் இருக்கிறேன். கார் ஓட்டும் பரீட்சையில் நான்கு முறை தோற்றவன் வேறு எங்கே இருப்பது? நான்காவது முறை பரீட்சகர் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எனக்கு பஸ் மேல் மரியாதை வந்துவிட்டது.

நாங்கள் இருப்பது செவன் கிங்ஸ் என்ற பகுதியில். அவள் பதினொரு வருடமாக ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முந்நூறு பிள்ளைகளுக்கு அவித்த பட்டாணியை அள்ளிப் போட்டுப் போட்டு, எங்கள் வீட்டில் பட்டாணிக்கே தடை போட்டுவிட்டாள். ட்ரெய்லர் வந்த கதை வேறு. எங்கள் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு மேடைச் சாமான் ஏற்றிவர ஒப்புக்கொண்ட வான்காரர், அன்று காலையில் போனை நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டார். வந்த சனமெல்லாம் மொட்டை மேடையைப் பார்த்துவிட்டு, சோற்றையும் சாப்பிட்டுவிட்டுப் போனது. துசியந்தி அன்று அழவில்லை. அடுத்த மாதம் எசெக்ஸ் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் பழைய இரண்டு சில்லு ட்ரெய்லர் ஒன்றை வாங்கினாள். அதில் பாசி பிடித்திருந்தது, ஒரு மூலையில் ஏதோ செடிகூட வளர்ந்திருந்தது. எங்கள் காருக்குக் கொக்கி பூட்டிய கராஜ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எது எதை இழுக்கப் போகிறது என்று கேட்டார்.

அவள் அதைப் பழகிய விதம் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் ஒழுங்காகப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெறுமையாகக் கிடக்கும் கார் தரிப்பிடமொன்றில் மூன்று மாதம் பின்னுக்கு எடுத்துப் பழகினாள். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். என்னோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இது புதிதில்லை, விரைவில் பிடிபட்டுவிட்டது.

ஆனால் அவளுடைய உண்மையான கெட்டித்தனம் சாமான் ஏற்றுவதில்தான். பாரமானது எல்லாம் அச்சுக்கு மேலே, ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி இருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் ட்ரெய்லரின் மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனை, மேலே கிளம்பும். வேகம் எடுத்ததும் இரண்டு பக்கமும் நெளியத் தொடங்கும், கடைசியில் காரையும் இழுத்துக்கொண்டு போய் எங்காவது போடும். இதை அவள் எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஏற்றி முடித்ததும் குளியலறைத் தராசைத் தூக்கி வந்து, கொக்கிக்குக் கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, மூக்கு எத்தனை கிலோ அழுத்துகிறது என்று பார்ப்பாள். இருபத்தைந்து காட்டினால் அவள் முகத்தில் ஒரு திருப்தி வரும். அதே தராசில் நான் ஏறும்போது அந்தத் திருப்தியைக் கண்டதில்லை.

இரண்டு வருடத்தில் அவளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மணவறைத் தூண், சோறு காய்ச்சும் கிடாரம், கதிரை, குத்துவிளக்கு என்று சனி ஞாயிறெல்லாம் ஓட்டம். கிழமை நாட்களில் பட்டாணி. இரண்டும் சேர்ந்து அவளுடைய முதுகை முறித்தது. போன வருடம் ஒரு நாள் சமையலறைக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்த பிறகுதான் பயம் பிடித்தது.

"அவசரப்பட்டிட்டனோ தெரியேல்லை. ஒரு பெரிய கலியாணத்தை ஒரு பிழையும் இல்லாமல் செய்து முடிச்சனெண்டால் எனக்கு நம்பிக்கை வந்திடும்" என்றாள்.

"அப்பிடி வரேல்லையெண்டால்?"

"கடிதத்தைத் திருப்பித் தாங்கோ எண்டு கேப்பன். இன்னும் ஒருத்தரையும் எடுக்கேல்லை. திங்கட்கிழமைவரைக்கும் பொறுப்பினம்."

அந்தப் பெரிய கலியாணம் பாலேந்திரா அண்ணையின் மகள் கம்சிகாவுடையது, அந்த வாரச் சனிக்கிழமை. அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அகதியாக வந்து இறங்கியபோது தன் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் என்னைப் படுக்க விட்டவர் அவர். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் எனக்கு மறுத்துப் பேச வராது. நல்ல மனுசன். தனக்குத் தெரியாத விஷயமும் உலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மண்டபம் பஸில்டன் பக்கம். முதல்நாள் அங்கே வேறு யாரோ கொண்டாட்டம் வைத்திருந்ததால், காலையில்தான் சாமான் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்தம் பத்தேகாலுக்கு. காலை ஆறு மணிக்கு அண்ணை தன் பெரிய காரில் இரண்டு மருமக்களோடு எங்கள் வாசலில் நின்றார். கூடவே மாமல்லபுரத்தில் சொல்லிச் செய்வித்த கருங்கல் பிள்ளையார். மணவறைக்கு முன்னால் வைப்பதற்கு. எழுபது கிலோ.

துசியந்தி பிள்ளையாரை அச்சுக்கு மேலே பழைய மெத்தைத் துண்டில் இருத்தி, சுற்றிவர மற்றச் சாமான்களை அடுக்கினாள். அண்ணை நெற்றியைச் சுருக்கினார்.

"பிள்ளை, பிள்ளையார்தான் முதல் இறங்கவேணும். முதல் மண்டபத்துக்குள்ளை போகவேணும். இப்பிடி நடுவிலை புதைச்சால் எப்பிடி?"

"அண்ணை, மற்றதுகளை இறக்கி வெளியிலை வைச்சிட்டு, முதல் பிள்ளையாரைத்தான் உள்ளுக்குக் கொண்டுபோவம்."

"அப்ப கிடாரமெல்லோ முதல் இறங்குது? விக்கினம் தீர்க்கிறவருக்கு முன்னாலை கிடாரமோ?"

"பாரத்தைப் பின்னுக்கு வைக்க ஏலாதண்ணை. றோட்டிலை விக்கினம் வந்திடும்" என்று சிரித்தபடி சொன்னாள். தராசை வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு கலியாணச் சேலை உடுக்க உள்ளே போனாள்.

அவள் போனதும் அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. இது முறையோ?"

முறை இல்லை அண்ணை என்றேன். வேறு என்ன சொல்லுவேன்? அந்த முன்னறை நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து பிள்ளையாரைத் தூக்கி ட்ரெய்லரின் கடைசி விளிம்பில் வைத்தோம். அவர் இருந்த இடத்தில் பாரமே இல்லாத பைபர் தூண்களைச் செருகினோம். மேலே மூடும் தறப்பாளை இழுத்துக் கட்டியது நான். என் வாழ்நாளில் அவ்வளவு வடிவாக முடிச்சுப் போட்டது அன்றுதான். துசியந்தி சேலையோடு வந்து, தறப்பாளைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, இண்டைக்கு ஒரு வேலை செய்திருக்கிறியள்" என்றாள். இருபது மைல்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஏ127 வீதியில் ஏறும்வரை ஒன்றுமில்லை. ஒரு சின்ன இறக்கத்தில் வேகம் ஐம்பதைத் தாண்டியபோது காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து ஆட்டுவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லர் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இன்னும் அதிகமாக இடது பக்கம் போனது. பக்கத்தில் வந்த லொறிக்காரர் ஹோர்ணை அமத்தினார். நான் பிள்ளையாரை உரத்துக் கூப்பிட்டேன். அவர் பின்னால் இருந்ததுதான் பிரச்சினையே என்பது அப்போதும் எனக்குத் தெரியும்.

"கத்தாதேங்கோ" என்றாள். பிரேக்கைத் தொடவில்லை. காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, காரைத் தன்பாட்டில் வேகம் குறைய விட்டாள். அரை நிமிடம் இருக்கும். எனக்கு அது அந்த எட்டு மாதத்தைவிட நீளமாக இருந்தது. நெளிவு அடங்கியதும் முதலில் வந்த வீதியோர ஒதுக்கிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இறங்கி டயரைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். காரையும் ட்ரெய்லரையும் பிணைக்கும் காப்புக் கேபிளை இழுத்துப் பார்த்தாள். பிறகு வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பாரமும் நானே நிறுத்தது. அப்ப நான் ஓடினதிலைதான் ஏதோ பிழை."

பின்னால் வந்த அண்ணை காரை நிறுத்திவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். "நான் அப்பவே நினைச்சனான். பொம்பிளையளுக்கு இது சரிவராது பிள்ளை. ஒரு வானைப் பிடிச்சிருக்கலாம்."

துசியந்தி அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "திங்கட்கிழமை கடிதத்தைத் திருப்பி வாங்கிறன். எனக்கு இது ஏலாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. மகளின் மொட்டை மேடைக்கு முன்னால்கூட அழாதவள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தறப்பாளைத் திறக்கிற நேரம் மண்டபத்துக் கூச்சலில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், அண்ணையின் முகமும் காப்பாற்றப்படும், என் முகமும் காப்பாற்றப்படும். அவள் சமையலறைக்குத் திரும்பிப் போவாள், அவ்வளவுதான். இப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"பிள்ளையாரைப் பின்னுக்கு வைச்சது நான்" என்றேன்.

அவள் உடனே விளங்காதவள்போல் பார்த்தாள். "எப்ப?"

"நீர் சீலை மாத்தேக்கை."

"ஏன்?"

"அண்ணை சொன்னவர்."

"நான் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

இதற்கு அவள் கத்தியிருக்கலாம். ஏசியிருந்தாலும் நான் சந்தோசமாக வாங்கியிருப்பேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தறப்பாள் முடிச்சுகளை அவிழ்த்தாள். அண்ணை, "வழியிலை பிள்ளையாரை இறக்கிறதோ, அபசகுனமெல்லோ" என்று தொடங்கினார்.

"அண்ணை, கதைக்கிற நேரம் இல்லை. நீங்கள் அடியிலை பிடியுங்கோ" என்றாள்.

அண்ணை பிடித்தார். பட்டு வேட்டியில் கறுப்பு எண்ணெய் பட்டதையும் பொருட்படுத்தாமல் பிடித்தார். அவரை ஒருவர் வேலை வாங்கியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பிள்ளையார் காரின் முன் சீற்றில், என் இடத்தில், இரண்டு பக்கமும் மெத்தைத் துண்டு முட்டுக் கொடுத்து இருத்தப்பட்டார். பெல்ற் போடவில்லை என்று கார் கீச்சிட்டது. துசியந்தி அவருடைய தொந்தியைச் சுற்றிப் பெல்ற்றை மாட்டிவிட்டு, கிடாரங்களை அச்சுக்கு மேலே நகர்த்தி, ட்ரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்த்தாள். சரியென்று தலையை அசைத்தாள். என்னைப் பார்க்காமலே ஏறிப் போய்விட்டாள்.

நான் அண்ணையின் காரில், இரண்டு மருமக்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு போனேன்.

"டயர் பிழையெண்டு சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அண்ணை. "உனக்கென்ன வந்தது?"

"டயரிலை பிழை இல்லை அண்ணை. பிழை எங்களிலை."

இருபத்தைந்து வருடத்தில் அவருக்கு நான் மறுத்துச் சொன்ன முதல் வசனம் அது. அவர் முன்னால் போன ட்ரெய்லரைப் பார்த்தபடி ஓட்டினார். பிறகு, "அவள் நிப்பாட்டின மாதிரி என்னாலை நிப்பாட்டியிருக்க ஏலாது" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

முகூர்த்தத்துக்கு முன்னால் மணவறை எழும்பிவிட்டது. பிள்ளையார்தான் முதலில் இறங்கினார், முதலில் உள்ளே போனார். அவர் எப்படி வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலை போடும் நேரத்தில் கம்சிகா சிரித்தாள், அண்ணை அழுதார், நான் கிடாரம் கழுவினேன்.

துசியந்தி அன்றும் மறுநாளும் தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு, தண்ணீர், கதவைச் சாத்துங்கோ. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"கடிதத்தைத் திருப்பி வாங்கினீரோ?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"ஏன் வாங்கவேணும்? மாத முடிவோடை நிக்கிறன்." ஒரு வாய் சாப்பிட்டாள். "எனக்கு ட்ரெய்லர் ஓட ஏலும் எண்டு அந்த இறக்கத்திலை தெரிஞ்சிட்டுது. உங்களை வைச்சுக்கொண்டு ஓட ஏலுமோ எண்டதுதான் தெரியேல்லை."

அவள் சாப்பிட்டு முடியும்வரை அங்கேயே இருந்தேன்.