வெர்லினின் எட்டாவது கல்லூரி

வெர்லின் டாட்லாக் பத்தொன்பது வருடங்களில் ஏழு கல்லூரிகளைப் பார்த்துவிட்டார். எல்லா இடத்திலும் அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர்தான். பந்தைத் தொடாமலே எதிரணியை முட்டித் தள்ளுகிற ஐந்து தடியன்கள் அவர் பொறுப்பு. அணி ஜெயித்தால் பந்தை எறிந்தவன் படம் பத்திரிகையில் வரும். தொடர்ந்து தோற்றால் தலைமைப் பயிற்சியாளரின் சீட்டு கிழியும். கூடவே துணைகள் எல்லோருடையதும்.

மனைவி டார்லாவுக்குப் பல் மருத்துவரிடம் வேலை. "எல்லா ஊர்லயும் ஜனங்களுக்குப் பல்லு இருக்கறதால நாம பொழச்சோம்" என்பாள்.

ஏழாவதான கன்சாஸ் கல்லூரியில் இருந்தபோது டெவாரிஸ் என்ற பையனை அணிக்கு இழுக்க மிசிசிப்பி வரை காரோட்டிப் போனார் வெர்லின். பையனின் அம்மா ஒசெல்லா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கெளுத்தி மீன் வறுத்துப் போட்டாள். இவர் மூன்று தட்டு காலி செய்தார்.

"கோச், மழுப்பாம சொல்லுங்க. எம் புள்ள படிக்கிற நாலு வருஷமும் நீங்க அங்க இருப்பீங்களா?"

வெர்லின் வாயைத் துடைத்துக்கொண்டார். "தெரியாதுங்க மேடம். எங்கயும் நாலு வருஷம் முழுசா இருந்ததில்ல. ரெண்டு வருஷத்துல துரத்தினாலும் துரத்துவாங்க."

காரில் ஏறும்போதே, காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஒசெல்லாவே போன் செய்தாள்.

"உங்களுக்கு முந்தி வேற காலேஜ்லேர்ந்து வந்த நாலு கோச்சும் இருப்பேன்னு சத்தியம் பண்ணாங்க. என்னோட முப்பது வருஷ டிரைவர் வேலையில பொய்யி சொல்ற மூஞ்சிய நான் நிறைய பாத்திருக்கேன். புள்ள உங்ககிட்டயே வர்றான்."

டெவாரிஸ் வந்தான். அணி பன்னிரண்டில் ஒன்பது ஆட்டம் தோற்றது. டிசம்பரில் எல்லோருக்கும் சீட்டு கிழிந்தது. வெர்லின் முதலில் ஒசெல்லாவைத்தான் கூப்பிட்டார்.

"மேடம், சொன்னது நடந்துடுச்சு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு வருஷம்னீங்க, ஒரு வருஷமே தாங்கலயே!"

"பையன் வேற காலேஜ் போகணும்னா நானே பேசறேன்."

"அவன் கணக்கு வாத்தியாராகப் போறானாம். அங்கயே இருக்கட்டும். நீங்க உங்க பொழப்பப் பாருங்க."

விஷயம் தெரிந்ததும் டார்லா இடுப்பில் கை வைத்தாள். "அவங்களுக்குச் சொல்லிட்டுதான் எனக்கா?"

"உனக்குப் பழகிப்போச்சு. அவங்களுக்கு இதான் முதல் தடவ."

எட்டாவது வேலை ஆர்கன்சாஸில் கிடைத்தது. இரண்டாவது சீசனில் பழைய கன்சாஸ் கல்லூரியோடு ஆட்டம் வந்தது. வெர்லினின் அணி மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. டெவாரிஸ் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து அவரை அப்படியே தூக்கினான்.

"எறக்குடா! உன் இடது கால் இன்னும் பின்னால போகுது."

"கோச், நீங்க இப்ப எதிராளி. இதெல்லாம் சொல்லித் தரக் கூடாது."

"உங்காளுங்க சொல்லலன்னா நான் என்ன பண்றது?"

அந்த வருடம் ஆர்கன்சாஸ் அணி ஏழு ஆட்டம் ஜெயித்தது. யாருக்கும் சீட்டு கிழியவில்லை. வசந்தம் வந்ததும் டார்லா, இத்தனை ஊர் மாறியதில் முதல் தடவையாக, வாடகை வீட்டுக் கொல்லையில் தக்காளி நட்டாள். வெர்லின் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.