ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஒரு புள்ளி

கோசலையோடு மேசைப்பந்து ஆடியவர்கள் எல்லோருக்கும் அவள்மேல் ஒரே மனக்குறைதான்: அவள் அடிக்கவே மாட்டாள். எதிரில் நிற்பவர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் மட்டையை லேசாகச் சாய்த்து, பந்தைத் தட்டி, மறுபடி அவர் பக்கமே அனுப்பிவைப்பாள். பத்துத் தடவை அடித்தால் பத்துத் தடவையும் பந்து திரும்பி வரும். பதினோராவது தடவை அடிப்பவருக்குப் பொறுமை போய்விடும். பந்து வலையில் விழும். கோசலை "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பந்தை எடுப்பாள்.

வயது ஐம்பத்து நாலு. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக்கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. பெண்பிள்ளை பார்க்க வந்தவர்கள்போல் ஒரு குடும்பமே வந்து நாற்பது சேலையை விரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனாலும், அரைமணி நேரத்தில் அத்தனையும் மடிப்புக் கலையாமல் தட்டில் ஏறியிருக்கும். உடம்பில் சீனி கூடியபோது டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நாலு நாள் நடந்து பார்த்தாள். போன வழியே திரும்பி வருவதற்கு எதற்குப் போக வேண்டும் என்று அலுத்துப்போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோதுதான், சீமெந்து மேசைக்குப் பக்கத்தில் ஆள் தேடி நின்ற மாக்சிம் ஒரு மட்டையை நீட்டினார். மெத்ரோ ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். அன்று தொடங்கிய ஆட்டம் ஆறு வருடமாக நடக்கிறது.

போன மார்ச் மாதம் மாக்சிம் ஒரு நோட்டீசோடு வந்தார். அவருடைய கிளப்பில் ஒருநாள் போட்டி. எல்லாம் 1936ஆம் ஆண்டு முறைப்படி.

கிளப்பின் செயலாளர் ஜெரமி பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிப்பவர். போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கூடியிருந்த முப்பது பேருக்கும் விஷயத்தை விளக்கினார். அந்த வருடம் பிராக் நகரில் உலகப் போட்டி நடந்தது. அதில் ஒரு போலந்துக்காரரும் ஒரு ருமேனியரும் மோதினார்கள். இருவருமே அடிக்காமல் தள்ளிக்கொண்டே இருந்ததில், முதல் புள்ளிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், ஆட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடும் வந்தது. "இன்று நமக்கு அந்தப் பழைய உயர வலை. பஞ்சு இல்லாத மட்டை. நேரக் கட்டுப்பாடு கிடையாது" என்று ஜெரமி சிரித்தார்.

இரண்டு மணி நேரம் ஒரு பந்தைத் தட்டினால் மருந்து போடாமலே சீனி இறங்கியிருக்குமே என்று கோசலை நினைத்துக்கொண்டாள்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடுவோம் என்று அவள் பயந்திருந்தாள்; அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பந்தைச் சுழற்றி அடித்தே பழகிய இளவட்டங்கள் அந்த வழுக்கல் மட்டையை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். உயர்ந்த வலை அவர்கள் அடித்ததையெல்லாம் பிடித்துக்கொண்டது. கோசலை வழக்கம்போலத் தட்டினாள், அனுப்பினாள், "பர்தோன்" சொன்னாள். நாலு பேர் தோற்றார்கள். பிற்பகல் நாலு மணிக்குச் சற்று முன் அவள் இறுதி ஆட்டத்தில் நின்றாள்.

எதிரில் வந்தவர் தில்லைநாயகி. பாண்டிச்சேரிக்காரர், அறுபத்து மூன்று வயது, தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். குட்டை முடி, விளையாட்டுச் சப்பாத்து, கழுத்தில் மெல்லிய சங்கிலி. அவரும் அந்த அறையில் ஒருவரையும் அடித்து ஜெயிக்கவில்லை என்பதைக் கோசலை கவனிக்கத் தவறியிருந்தாள்.

நடுவர் நாற்காலியில் மாக்சிம் ஏறி உட்கார்ந்தார். தில்லைநாயகி முதல் பந்தைப் போட்டார். கோசலை தட்டினாள். அவரும் தட்டினார். இவள் தட்டினாள்.

ஐந்து நிமிடம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் பாதிப்பேர் கோப்பி குடிக்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபோதும் அதே பந்து போய்வந்துகொண்டிருந்தது.

"நீங்க எங்க வேலை செய்யறீங்க மதாம்?" என்று தில்லைநாயகி பந்தோடு சேர்த்துக் கேட்டார்.

"லா சப்பலிலதான். கடையிலை." பந்து போனது. "நீங்கள்?"

"லா போஸ்ட்ல முப்பத்தொரு வருஷம். இப்போ வீட்லதான். பசங்க ரெண்டு பேரும் லியோன்ல."

இருபதாவது நிமிடம் கோசலையின் சட்டைப்பைக்குள் ஃபோன் அடித்தது. நின்று பிறகு மறுபடி அடித்தது. அவள் ஜெரமியைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் யோசித்து, 1936இல் கைபேசியே கிடையாது, ஆகவே அதற்குத் தடையும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். கோசலை இடக்கையால் எடுத்துக் காதில் வைத்தாள். புருஷன் வாமதேவன்.

"கோசலை, பருப்புக்கு எத்தினை விசில்?"

"மூண்டு. பிறகு அடுப்பை நூத்துவிடுங்கோ."

"அதென்ன டொக் டொக்கெண்டு கேக்குது? மரக்கறி வெட்டுறீரோ?"

"ஓமப்பா, வையுங்கோ."

ஒரு கையில் ஃபோனும் மறு கையில் மட்டையுமாக நின்றவளைப் பார்த்து மண்டபமே சிரித்தது. பந்து மட்டும் நிற்கவில்லை.

முப்பத்தைந்தாவது நிமிடம் மாக்சிமின் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இடமும் வலமுமாகத் திரும்பிய கழுத்து வலப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட, ஜெரமி அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். வாசலில் பட்மின்டன் ஆட்கள் தோளில் பையோடு வந்து வரிசையாக நின்றார்கள். மண்டபம் ஐந்து மணி வரைதான்.

"லா சப்பல்ல ஒரு சேலைக்கடை இருக்கு" என்று தில்லைநாயகி பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். "கார்த்திகை மாசம் போயிருந்தேன். பச்சையில பட்டு எடுத்தேன்."

"ஓ."

"சேலை நல்ல சேலைதான். அங்க ஒரு அம்மா நிக்கிது பாருங்க, அதுக்கு மடிக்கவே தெரியல. வீட்ல வந்து பிரிச்சா ஓரம் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம். சுருட்டிக் குடுத்த மாதிரி."

கோசலைக்குக் காது சுட்டது. அந்தத் தெருவில் கார்த்திகையில் பச்சைப் பட்டு விற்ற கடை எதுவென்று அவளுக்குத் தெரியும். அங்கே மடிக்கிற அம்மா யாரென்றும் தெரியும். யார் வேண்டுமானாலும் அவளை எதுவும் சொல்லலாம். பிரெஞ்சு சரியில்லை என்று சொல்லலாம், கறியில் உப்புக் கூட என்று சொல்லலாம். மடிப்பைச் சொல்லக் கூடாது.

அடுத்த பந்து சற்று உயர்ந்து வந்தது. கோசலையின் கை தானாகப் பின்னால் போய், முழு வேகத்தில் முன்னால் வந்தது. பந்து அந்தப் பக்கத்து மூலையில் பட்டு, தில்லைநாயகியின் இடுப்பைத் தாண்டிப் பறந்து, பட்மின்டன்காரர் ஒருவரின் கோப்பிக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கூரை பிளக்கிற மாதிரிக் கைதட்டல். ஜெரமி கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நிமிடம். ஒன்றுக்குப் பூச்சியம்.

வெல்ல இருபத்தொன்று வேண்டும். இன்னும் பதினைந்து நிமிடத்தில் மண்டபத்தை விட வேண்டும். ஜெரமி கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "முன்னணியில் இருப்பவருக்கே கோப்பையைக் கொடுத்துவிடுகிறேனே."

"ஒரு பொயின்ருக்குக் கப்போ?" என்று கோசலை தலையை ஆட்டினாள். "வேண்டாம்."

தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை. தில்லைநாயகியிடம் சொல்லியேவிட்டாள்: "அக்கா, அந்தச் சேலையை மடிச்சது நான்தான்."

"தெரியுமே."

"என்ன?"

"காலைல உள்ள வரும்போதே அடையாளம் தெரிஞ்சிடுச்சு. மடிப்பு அருமையா இருந்துச்சு மதாம், பிரிக்கவே மனசு வரல." தில்லைநாயகி துண்டால் முகத்தைத் துடைத்தார். "கோவம் வந்தா அடிப்பீங்க, அடிச்சா வலையில விழும்னு கணக்குப் போட்டேன். இப்படி அடிப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கோசலைக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "பொல்லாத ஆள் நீங்கள்" என்றாள்.

மிச்ச ஆட்டத்தைப் பூங்காவின் சீமெந்து மேசையில் முடித்தார்கள். கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் வந்து, நாலு வாரம் ஆடினார்கள். கழுத்தில் பட்டி போட்ட மாக்சிம் ஒரு கொப்பியில் புள்ளி எழுதினார். கோசலை இன்னும் மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். மூன்றும் ரயில் பாதைப் பக்கம் போய் விழுந்தன. இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று தில்லைநாயகி வென்றார். வாமதேவன் கட்டிக் கொடுத்த வடையை எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

செப்டம்பரில் இருவரும் கிளப்பில் சேர்ந்து, இரட்டையர் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். இதுவரை ஏழு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. அவர்களுடைய ஆட்டத்தை ஜெரமி இப்போதெல்லாம் காலையில் முதலாவதாகப் போட்டுவிடுகிறார்.