சிதம்பரத்துக்கு ஒரு சாயக் கரைசலோடு

கடலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வும் ஓடுகிறது. ஒரு மூட்டுவலி மருந்தைச் சேர்த்தால் ஒரு சாயத்தின் நீல ஒளிர்வு கூடுகிறது என்று ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தேன். "வேற கருவியில அளந்து காட்டுங்க. இல்லன்னா அத்தியாயத்தை எடுத்துடலாம்" என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் போன சனிக்கிழமை சிதம்பரம் பயணம். கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துணைக்கு மனைவியின் தம்பி செல்வம். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். வேலை முடிந்ததும் பிச்சாவரம் போக வேண்டும் என்ற கண்டிஷனோடு, வெள்ளை வேட்டி சட்டையில் பந்தாவாக வந்தான்.

கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். காலை பஸ் என்றால் வலப்பக்க சீட்டைப் பிடியுங்கள், வெயில் படாது. சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் பாட்டிலில் அலுமினியத் தாள் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மருந்துக் கரைசல் இன்னொரு பாட்டிலில், பையில்.

"என்ன சார், லெமன் சாதமா?" என்றார் கண்டக்டர்.

சிதம்பரத்தில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒளிர்வை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்பவர் லதா. "மொதல்ல மருந்தை மட்டும் வைங்க சார்" என்றார். மருந்து தனியாக ஒளிராது என்று புத்தகத்திலேயே இருக்கிறது, அதனால் நான் அதை அளந்ததே இல்லை. வைத்தோம். திரையில் கோடு ஜம்மென்று ஏறியது. ஒளிராது என்ற மருந்து தனியாகவே ஒளிர்ந்தது.

பக்கத்து மேசையில் புற ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்வம் வேடிக்கை பார்க்கக் குனிந்ததும் அவன் சட்டைக் கை நீலமாக மின்னியது.

"டேய், சட்டையை எதுல துவைச்ச?"

"உங்க வீட்லதான் மாமா. அக்கா வச்சிருக்கிற பவுடர். நீங்ககூட அதுலதான பாட்டிலு கழுவுனீங்க?"

துணியை வெள்ளையாகக் காட்டப் பவுடரில் போடும் பொருளும் ஒரு சாயம்தான். இத்தனை நாளும் மருந்து பாட்டிலில் அது ஒட்டியிருந்திருக்கிறது. மருந்தை ஊற்ற ஊற்றக் கூடியது பவுடரின் ஒளி.

நல்லவேளை, மருந்துத் தூள் கையில் இருந்தது. ஆய்வகத்துப் பாட்டிலில் புதிதாகக் கரைத்து, சாயத்தில் துளித்துளியாக விட்டு அளந்தோம். ஒவ்வொரு துளிக்கும் சாயத்தின் ஒளி குறைந்தது. உடனே நெறியாளருக்குப் போன் போட்டேன்.

"கூடலை மேடம், குறையுது. ஆனா மருந்தும் சாயமும் ஒண்ணையொண்ணு ஏதோ பண்ணிக்குதுங்கிறது நிச்சயம்."

"அப்போ திருப்பி எழுதுங்க. அத்தியாயம் இருக்கட்டும்."

மாதிரிகளோடு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டிலை வீட்டில் கழுவாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்த பிறகே சேர்த்து அளங்கள். மதியத்துக்குமேல் நேரம் இருந்தால் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்வரலாம். நாங்கள் போனோம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்தபோது செல்வம் என்னையே பார்த்தான்.

"எழுதுனது பூரா தப்புன்னு ஆயிடுச்சு. சிரிச்சிக்கினே வர்றீங்களே மாமா?"

"அந்தத் தப்பை வேற எவனும் கண்டுபிடிக்கலையேடா. நானே கண்டுபிடிச்சேன்."